இறக்கத்தில் நியூட்ரலா, கியரா?

2024 ஜூன் 10 அன்று மலேசியத் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்குத் தாவியது. அதன்பின் மலையடிவார ஊரான தாப்பாவில் பிக்கப் வைத்திருப்பவர்கள் எல்லாரும் எண்ணெய் மிச்சப்படுத்துவதில் நிபுணர்கள். கேமரன் மலையிலுள்ள ரிங்லெட்டிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்பது பலரின் கட்சி.

கணக்கு அங்கேதான் உதைக்கிறது. நியூட்ரலில் இஞ்சின் அணையாமல் ஓடவே டீசல் வேண்டும். கியரில் விட்டுக் காலை எடுத்தாலோ, சக்கரமே இஞ்சினைச் சுற்றுகிறது. இஞ்சினுக்குள் எண்ணெய் பீய்ச்சும் இன்ஜெக்டர் டீசலை அடியோடு நிறுத்திவிடும். இஞ்சின் சுழற்சி ஐட்லிங் அளவுக்கு, அதாவது வண்டி சும்மா நிற்கும்போது ஓடும் வேகத்துக்கு, இறங்கினால்தான் மறுபடி பீய்ச்சும். உடனடிச் செலவு காட்டும் மீட்டர் இருந்தால் பாருங்கள், கியரில் 0.0 நிற்கும். அப்புறம், வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து, அடிவாரத்தில் கருகல் வாடையோடு வந்து சேர்வதும் நியூட்ரல்காரர்கள்தான்.

செம்பனைத் தோட்டத்துக்குள் லேசான சரிவு என்றால், சரி, நியூட்ரலுக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம். அங்கே கியர் வண்டியை இழுத்துப் பிடிக்கும், திரும்ப மிதிக்க வேண்டிவரும். ஆனால் சிலர் இஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டுகிறார்கள். அது வேண்டவே வேண்டாம்: ஸ்டீயரிங் கனத்துப்போகும், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக்கும் கல்லாகிவிடும்.