"நாளையிலிருந்து வர வேண்டாம்": நோட்டீஸ் காலத்தில் அனுப்பப்படுபவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கில் வரும்?

ராஜினாமா கொடுத்துப் பத்து நாள் ஆகியிருக்கிறது. முப்பது நாள் நோட்டீஸில் இன்னும் இருபது நாள் பாக்கி. ஹெச்.ஆர். அழைத்து, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்கிறார். இந்தச் சொற்களுக்குப் பின்னால் நான்கு வேறு ஏற்பாடுகள் இருக்கலாம்: கார்டன் லீவ் (ஊழியராகவே நீடித்து வீட்டில் இருப்பது), நோட்டீஸ் பே (மீதி நாட்களுக்குப் பணம் தந்து வேலையை உடனே முடிப்பது), பரஸ்பர சம்மதத்தில் முன்கூட்டியே விடுவிப்பு, ஒழுங்கு நடவடிக்கையால் பணிநீக்கம். எது என்பதைப் பொறுத்து கைக்கு வருவது முழுச் சம்பளமாகவும் இருக்கும், ஒன்றுமில்லாமலும் போகும். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி "ஏன்?" அல்ல, "என் கடைசிப் பணி நாள் எது?" என்பதே.

பொதுவான அடிப்படை ஒன்று உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டு 158ஆம் உடன்படிக்கை, வேலையிலிருந்து நீக்கப்படுபவருக்கு நியாயமான முன்னறிவிப்போ அதற்கு ஈடான பணமோ தர வேண்டும் என்கிறது. கடுமையான ஒழுங்கீனம் மட்டுமே விதிவிலக்கு. ஏற்றுக்கொண்ட நாடுகளையே அது கட்டுப்படுத்தும். ஆனாலும் பல நாட்டுச் சட்டங்களின் சாரமும் இதுதான்: நோட்டீஸ் காலத்தை யார் வெட்டுகிறாரோ, அவரே அதற்கான விலையைத் தர வேண்டும். நீங்களே ராஜினாமா செய்திருந்தாலும், மீதி நாட்களை நிர்வாகம் தானாக ரத்து செய்தால் வெட்டியது நிர்வாகம்தான்.

கார்டன் லீவும் நோட்டீஸ் பேயும்

இந்த இரண்டைத்தான் பலரும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டிலும் அலுவலகத்துக்குப் போக வேண்டாம், இரண்டிலும் பணம் வரும். வித்தியாசம் தேதியில் இருக்கிறது.

கார்டன் லீவில் நீங்கள் இன்னமும் ஊழியர். சம்பளம் வழக்கமான நாளில், வழக்கமான பிடித்தங்களோடு வரும். விடுப்பு சேரும், காப்பீடு தொடரும், பணிக்காலம் ஓடும். பதிலுக்கு, கடைசி நாள்வரை வேறு நிறுவனத்தில் சேர முடியாது. கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். நோட்டீஸ் பேயில் வேலை இன்றோடு முடிகிறது. மீதி நாட்களுக்கான தொகை மொத்தமாக வரும், நாளைக்கே புதிய இடத்தில் சேரலாம்.

எதைக் கேட்பது? அந்த இருபது நாளுக்குள் ஏதாவது விழுகிறதா என்று காலண்டரைப் பாருங்கள். "குறிப்பிட்ட நாளில் பணியில் இருப்பவர்களுக்கே" என்று எழுதப்பட்ட போனஸ், பங்கு ஒதுக்கீடு கைக்கு வரும் நாள், பணிக்கொடைக்கு ஆண்டு நிறைவடையும் நாள், நடந்துகொண்டிருக்கும் சிகிச்சைக்கான காப்பீடு. இவற்றில் ஒன்று இருந்தாலும் கார்டன் லீவே மேல். எதுவும் இல்லாமல் புதிய வேலை தயாராக இருந்தால் நோட்டீஸ் பே நல்லது. அந்த நாட்களுக்கு இரண்டு வருமானம் கிடைக்கும். பிரிட்டனில் சில உரிமைகளுக்கான பணிக்காலத்தைக் கணக்கிடும்போது சட்டம் சொல்லும் குறைந்தபட்ச நோட்டீஸையும் சேர்த்துக்கொள்வார்கள். எல்லா நாட்டிலும் அப்படிச் சேர்ப்பார்கள் என்று நம்பி இருந்துவிட வேண்டாம்.

நோட்டீஸ் பேயிலும் ஓர் உட்பிரிவு இருக்கிறது. வேலை ஒப்பந்தத்தில் "நோட்டீஸுக்குப் பதில் பணம் தந்து முடிக்கலாம்" என்ற ஷரத்து இருந்து, நிர்வாகம் அதைப் பயன்படுத்தினால், ஆங்கிலப் பொதுச்சட்ட மரபில் அது உங்களுக்குச் சேர வேண்டிய கடன். மறுநாளே வேறு வேலை கிடைத்தாலும் அந்தத் தொகை குறையாது. ஷரத்தே இல்லாமல் அனுப்பினால் அது ஒப்பந்த மீறல். நீங்கள் கேட்பது நஷ்டஈடு. அப்போது வேறு வேலை தேட முயன்றீர்களா, அந்த நாட்களில் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்ற கேள்விகள் வரும், அந்த வருமானத்தைக் கழிக்கவும் செய்வார்கள்.

கணக்கில் நடக்கும் தவறு

மாதச் சம்பளம் 60,000 என்று வைத்துக்கொள்வோம். மீதி 20 காலண்டர் நாட்கள். அதில் வேலை நாட்கள் 14. அந்த மாதத்தின் மொத்த வேலை நாட்கள் 22.

காலண்டர் முறையில் 60,000 ÷ 30 × 20 = 40,000. வேலை நாள் முறையில் 60,000 ÷ 22 × 14 = 38,182. இரண்டுமே பிழையில்லாத கணக்குகள். உங்கள் ஒப்பந்தமோ சட்டமோ எதைச் சொல்கிறதோ அதுதான் பொருந்தும். கோளாறு எங்கே என்றால், வகுப்பதற்கு 30ஐயும் பெருக்குவதற்கு 14ஐயும் எடுத்துக்கொள்வதில். அப்படிப் போட்டால் 28,000 தான் வரும். 12,000 சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். செட்டில்மென்ட் தாளில், அதாவது வெளியேறும்போது தரும் இறுதிக் கணக்கில், தொகை மட்டும் அச்சாகியிருந்தால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. எதை எதால் வகுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்த தவறு, பேசிக் சம்பளத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. பேசிக் 30,000 என்றால் மேலே சொன்ன 40,000 பாதியாகி 20,000 ஆகிவிடும். சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டம் இந்தத் தொகையை மொத்தச் சம்பள விகிதத்தில், அதாவது பயணம், உணவு, வீடு போன்ற சில தவிர மற்ற அலவன்ஸ்களையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்கிறது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், அந்தக் காலத்தில் சேர்ந்திருக்கக்கூடிய ஊதியத்துக்குச் சமமான தொகை என்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் "ஊதியம்" என்ற சொல்லுக்கான வரையறையைத் தேடிப் படியுங்கள். சச்சரவில் பாதி அந்த ஒரு பத்தியிலேயே தீர்ந்துவிடும்.

எத்தனை நாள் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். ஒப்பந்தம் எதுவும் சொல்லாதபோது சிங்கப்பூரில் 26 வாரத்துக்குக் குறைவான பணிக்கு ஒரு நாள், 2 ஆண்டுக்குள் ஒரு வாரம், 5 ஆண்டுக்குள் 2 வாரம், அதற்கு மேல் 4 வாரம். மலேசியாவில் 2 ஆண்டுக்குள் 4 வாரம், 5 ஆண்டுக்குள் 6, அதற்கு மேல் 8. பிரிட்டனில் நிர்வாகம் தர வேண்டிய குறைந்தபட்சம், ஒரு மாதப் பணிக்குப் பின் ஒரு வாரம். 2 ஆண்டிலிருந்து ஆண்டுக்கு ஒரு வாரமாக ஏறி 12 வாரத்தில் நிற்கும்.

பரஸ்பர சம்மதம்

நான்கிலும் அதிகப் பணம் வீணாவது இங்கேதான், அதுவும் புன்னகையோடு. "சீக்கிரம் ரிலீவ் பண்ணிவிடுகிறோம், ஒரு மெயில் மட்டும் போடுங்கள்" என்பார்கள். நீங்களும் "இன்றே விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதிவிடுவீர்கள். அந்த ஒரு வரியில், நோட்டீஸை வெட்டியவர் நீங்கள் என்று ஆகிறது. மீதி 20 நாளுக்குச் சம்பளம் இல்லை. சில ஒப்பந்தங்களில் அந்த நாட்களுக்கு உங்களிடமே பிடித்தமும் வரும்.

உண்மையிலேயே சீக்கிரம் போக வேண்டியவருக்கு இது நல்ல வழிதான். அப்போதும் "எந்தப் பிடித்தமும் இல்லாமல்" என்ற சொற்கள் நிர்வாகத்தின் பதிலில் இருக்க வேண்டும். போகச் சொன்னது அவர்கள் என்றால், எழுத வேண்டியது இப்படி: "இன்று நீங்கள் கூறியபடி நாளையிலிருந்து பணிக்கு வரவில்லை. நோட்டீஸ் காலம் முழுவதும் பணியாற்றத் தயாராகவே இருக்கிறேன். கடைசிப் பணி நாளையும், மீதி நாட்களுக்கான சம்பளக் கணக்கையும் எழுத்தில் தெரிவிக்கவும்."

ஒழுங்கு நடவடிக்கை

நோட்டீஸில் இருப்பவரையும் கடுமையான ஒழுங்கீனத்துக்காக உடனடியாக நீக்க முடியும். நீக்கினால் அன்றுவரையான சம்பளம் மட்டும் வரும், மீதி நோட்டீஸுக்குப் பணம் கிடையாது. ஆனால் அதுவரை உழைத்த நாட்களின் கூலியை எந்தக் குற்றச்சாட்டும் விழுங்க முடியாது. நடத்தையைக் காரணம் காட்டி நீக்கும் முன் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு தர வேண்டும் என்பதும் அதே 158ஆம் உடன்படிக்கையில் இருக்கிறது. குற்றச்சாட்டுக் கடிதம் இல்லை, விளக்கம் கேட்கவில்லை, விசாரணை இல்லை, வெறும் "நீக்கப்பட்டீர்கள்" என்றால் அதை எதிர்க்க இடமிருக்கிறது. குற்றம் நிலைக்காவிட்டால் நோட்டீஸ் சம்பளம் திரும்ப உயிர்பெறும். நோட்டீஸ் பே தந்து ஒப்பந்தத்தை முடித்துவிட்ட பிறகு, அதே ஊழியரை மறுபடி "நீக்க" முடியாது. நீக்குவதற்கு அங்கே வேலையே இல்லை.

ஒரு எச்சரிக்கை. வெளியேறும் பதற்றத்தில் அலுவலகக் கோப்புகளைச் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். நிர்வாகத்தின் கையில் இல்லாத காரணத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பதாகும். எடுத்து வைக்க வேண்டியவை உங்களுக்கென்று தரப்பட்ட தாள்கள் மட்டும்: பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், ராஜினாமாவும் அது ஏற்கப்பட்ட மெயிலும், விடுப்பு இருப்புப் பக்கத்தின் படம். மெயில் அணுகல் அன்று மாலையே துண்டிக்கப்படலாம். ராஜினாமா கொடுத்த நாளிலேயே இவற்றை எடுத்து வைப்பது நல்லது.

செட்டில்மென்ட் தாளில் "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்ற வரி இருக்கும். தொகை சரியில்லை என்றால் கையெழுத்துக்கு மேலே "தொகையைப் பெற்றுக்கொண்டேன், நோட்டீஸ் சம்பள உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று எழுதுங்கள். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பு, நீக்கப்பட்டவருக்கும் ராஜினாமா செய்தவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை 2 வேலை நாட்களுக்குள் தரச் சொல்கிறது. புகாருக்கான கெடு மிகச் சிறியது: சிங்கப்பூரில் தவறான பணிநீக்கத்துக்குக் கடைசி நாளிலிருந்து ஒரு மாதம், சம்பளப் பாக்கிக்கு ஆறு மாதம். மலேசியாவில் நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டதாக முறையிட 60 நாள். ஹெச்.ஆர். "பார்த்துச் சொல்கிறோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் நாட்களும் இந்தக் கெடுவுக்குள்தான் கழிகின்றன.