கண்மாயில் படகேறிப் பறவை பார்க்கப் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

மதுரைக்காரர்களே, போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. ஊருக்குள் இருக்கும் ஒரு கண்மாயில் குழுவாகக் கயாக்கில் துடுப்புப் போட்டபடி பறவை பார்க்கலாம் என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. நான், அக்கா, அக்கா மகள், என் தோழி என 4 பேருக்கு, ஆளுக்கு 650 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். பறவை தெரிந்த வழிகாட்டி, பைனாகுலர், லைஃப் ஜாக்கெட் எல்லாம் அதில் அடக்கம் என்றார்கள்.

காலை 6 மணிக்கே 14 பேர் கரையில் நின்றோம். படகு இறங்கும்போது ஏழே முக்கால், வெயில் ஏறிவிட்டது. பைனாகுலர் ஒன்றே ஒன்று. லைஃப் ஜாக்கெட் 9தான். 10 வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்கள் போடுவதை மாட்டிவிட்டார்கள். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன், காது வரை ஏறியது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மட்டும் மேலே நிற்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். அக்கா அவளோடு கரையிலேயே இருந்துவிட்டார். மற்றவர்களில் 3 பேர் ஜாக்கெட்டே இல்லாமல் ஏறினார்கள்.

சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்த பாம்புத்தாராவைக் காட்டி வழிகாட்டி நீர்க்காகம் என்றார். இரண்டும் அப்படித்தான் சிறகு உலர்த்தும். பாம்புத்தாராவின் அலகு ஈட்டிபோல் நேராக இருக்கும், நீர்க்காகத்துக்கு நுனி வளைந்திருக்கும். தெரியாமல் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பறக்கிற படம் வேண்டுமென்று துடுப்பால் படகைத் தட்டித் தட்டிப் பறவைகளைக் கிளப்பினார். பிறகு கோரைக்குள் படகை விடச் சொன்னார். அங்கே முக்குளிப்பான் கூடு. தண்ணீரில் மிதக்கும் பாசிக் குவியல், அதில் 4 முட்டை. கூட்டை விட்டு இறங்கினால் பாசியை இழுத்து முட்டையை மூடிவிட்டுப் போகிற பறவை அது. அன்றைக்கு அதற்கும் நேரமில்லாமல் சட்டென்று முங்கிப் போனது. முன்னால் போன படகு இடித்துக் கூடு ஒரு பக்கமாகச் சரிந்தது. நான் கத்தியதற்கு, "அது சும்மா நீர்க்கோழி மேடம், இங்க நிறைய கெடக்கு" என்கிறார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதும் வேட்டைதான்.

அக்காவுக்கும் பிள்ளைக்கும் கட்டிய பணத்தையாவது கேட்டேன். கட்டியதைத் திருப்பித் தரும் வழக்கமில்லை என்றவர்கள், மறுநாள் என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

இப்படி யாராவது கூப்பிட்டால் எத்தனை ஜாக்கெட், பிள்ளைகள் அளவில் இருக்கிறதா, வழிகாட்டி எந்தெந்தக் கண்மாயில் பறவை பார்த்தவர் என்று கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். பறவைதான் வேண்டுமென்றால் படகே தேவையில்லை. மழைக்காலம் முடிந்த மாதங்களில் சாமநத்தம் கண்மாய்க் கரையில் விடிகாலை போய் நில்லுங்கள். நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் பார்க்கக் கிடைக்கும்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அன்று எங்களோடு வந்த மற்ற 10 பேரில் யாராவது இதைப் படித்தால், பணம் அனுப்பிய ரசீதையும் அந்த வாட்ஸ்அப் செய்தியையும் அழித்துவிடாதீர்கள். கூடு சரிந்ததைப் படம் எடுத்தவர் ஒருவர் இருந்தார். அவர் எனக்கு எழுதினால் வனத்துறைக்கும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.