பாளையங்கோட்டையில் அம்மாவுக்கு நடந்த இடுப்பு எலும்பு அறுவை: மருத்துவமனை பற்றிய என் மதிப்பீடு

கல்லிடைக்குறிச்சியில் எங்களுடன் இருக்கும் அம்மாவுக்கு வயது 81. ஐப்பசி மழையில் ஈரம் காயாத அங்கணத்தில், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் வழுக்கி விழுந்ததில் இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து விலகிவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் எலும்பு மருத்துவமனையில் சேர்த்தோம். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த இடம் என்பதால் நன்றியோடும், சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்ட இடம் என்பதால் வருத்தத்தோடும் எழுதுகிறேன். பெயரைக் குறிப்பிடப் போவதில்லை.

முதல் குறை தாமதம். காலை 9 மணிக்கே படுக்கை கிடைத்துவிட்டது. ஆனால் இதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்கும் மருத்துவர் திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். அறுவை செவ்வாய்க்கிழமை காலையில்தான் நடந்தது. இங்கிலாந்தில் இத்தகைய முறிவுக்கு 36 மணி நேரத்துக்குள் அறுவை முடிய வேண்டும் என்பது தரக் கணக்கு. முதியவர் அசையாமல் படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் சளி நெஞ்சில் இறங்கவும், காலில் இரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகவும், படுக்கைப் புண் வரவும் வழி திறக்கிறது. எலும்பு முறிவுக்கென்றே நடத்தப்படும் ஒரு மருத்துவமனை வார இறுதியில் எக்கோவுக்கு ஏற்பாடு செய்யாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. செவ்வாய் காலை 6 மணிக்கு, அம்மாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும் நேரத்தில், நடைபாதையில் நிற்க வைத்து என்னிடம் சம்மதப் படிவத்தை நீட்டினார்கள். சுவரில் தாளை வைத்துக்கொண்டு, பெருக்கல் குறி போட்டிருந்த நான்கு இடங்களில் கையெழுத்துப் போட்டேன். உடைந்த பந்துப் பகுதியை எடுத்துவிட்டு உலோகப் பந்து பொருத்துவார்கள் என்பது மட்டுமே அப்போது எனக்குத் தெரியும். அந்தப் பந்தோடு சேர்ந்த உலோகத் தண்டை எலும்புக்குள் சிமெண்ட் (எலும்போடு உலோகத்தை இறுக்கிப் பிடிக்க வைக்கும் மருத்துவப் பசை) வைத்து இறுக்குவார்கள் என்பதும், அந்தச் சில நிமிடங்கள்தான் முழு அறுவையிலும் மிகவும் ஆபத்தானவை என்பதும் யாரும் சொல்லவில்லை.

அந்த நிமிடங்களில்தான் அது நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்திருந்ததால் அம்மா விழித்திருந்தார். சிமெண்டை உள்ளே செலுத்தி உலோகத் தண்டை இறக்கியதும் "மூச்சு முட்டுது" என்று சொல்லிவிட்டு நினைவிழந்திருக்கிறார். ஒரு மணி நேரத்துக்குப் பின், முகக்கவசம் கழுத்தில் தொங்க வெளியே வந்த மயக்க மருத்துவர், தாம் எழுதிக்கொண்டிருந்த தாளையே என்னிடம் காட்டினார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்திருந்த இரத்த அழுத்தப் புள்ளிகள் 140 அருகே நேராகப் போய்க்கொண்டிருந்தன. ஓரிடத்தில் 70க்கு விழுந்திருந்தன. அதற்கு நேர் கீழே ஆக்சிஜன் அளவு 97 என்பது 84 ஆகியிருந்தது. பிறகு புள்ளிகள் மெல்ல மேலேறியிருந்தன. "இது வரலாம்னு எதிர்பார்த்துத்தான் மருந்தை ஊசியில எடுத்து வச்சிருந்தேன், சார்" என்றார். சிமெண்ட் வைக்கப் போவதாக அறுவை மருத்துவர் உரக்கச் சொல்ல, இவர் முன்கூட்டியே ஆக்சிஜனைக் கூட்டியிருக்கிறார். மணிக்கட்டின் இரத்தக் குழாயில் குழாய் செருகி, இரத்த அழுத்தத்தைத் துடிப்புக்குத் துடிப்பு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என் அம்மா இன்று உயிரோடு இருப்பது அந்த முன்னேற்பாட்டினால்தான்.

எலும்பின் உள் குழலில் சிமெண்டையும் தண்டையும் அழுத்தும்போது, அங்கிருக்கும் கொழுப்பும் எலும்பு மஜ்ஜையும் சிரைகளுக்குள் தள்ளப்பட்டு நுரையீரலை அடைகின்றன. இதயத்தின் வலப்பக்கம் அந்தச் சுமையைத் தாங்க முடியாமல் திணறுகிறது. அம்மாவுக்குச் செய்தது போலவே சிமெண்ட் வைத்துப் பந்தை மட்டும் மாற்றும் பாதி மூட்டு அறுவை செய்யப்பட்ட 1,016 பேரைப் பற்றி 2014இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றைப் பின்னர் படித்தேன். நாலில் ஒருவருக்கு மேல் ஏதேனும் ஓர் அளவில் இது வந்திருக்கிறது. இதயம் நின்றுபோகும் அளவுக்கு வந்தது 1.7 சதவீதம். அம்மாவுக்கு வந்தது நடுத்தர நிலை. அந்த நிலையை எட்டியவர்களில் 35 சதவீதம் பேர் ஒரு மாதத்துக்குள் இறந்திருக்கிறார்கள். அந்த எண்ணை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதற்காகச் சிமெண்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வலி குறைவாக இருப்பதற்கும், பிற்பாடு தண்டைச் சுற்றி எலும்பு உடையாமல் இருப்பதற்கும் முதியவர்களுக்கு அது நல்லது என்பதே மருத்துவ வழிகாட்டுதல். குழலை நன்றாகக் கழுவி உலர்த்தி, சிமெண்டை அடியிலிருந்து மேலாக நிரப்பினால் ஆபத்து குறைகிறது. இங்கே அப்படித்தான் செய்திருந்தார்கள். கேட்டபோது அறுவை மருத்துவர் பொறுமையாகப் படம் வரைந்து விளக்கினார். அந்த அரை மணி நேரத்தை எங்களுக்குத் திங்கட்கிழமையே தந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ள பெற்றோரை வைத்திருப்பவர்கள், சிமெண்ட் வைப்பீர்களா, அந்த நேரத்தில் அழுத்தம் விழுந்தால் என்ன ஏற்பாடு, தீவிர சிகிச்சைப் படுக்கை காலியாக இருக்கிறதா என்ற மூன்றையும் மயக்க மருத்துவரிடமே நேரில் கேளுங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள். செவிலியர்கள் "ஆச்சி, ஆச்சி" என்று கூப்பிட்டு, சொந்தப் பாட்டியைப் போலப் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். செலவு 1,85,000 ரூபாய். முன்பே சொன்ன தொகைதான், கூடுதலாக எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சுருக்கத்தில் "அறுவை இயல்பாக முடிந்தது" என்று மட்டுமே இருந்தது. வலது இடுப்பும் ஒருநாள் முறிந்தால், அடுத்த மருத்துவருக்கு முதலில் தெரிய வேண்டியது இந்தச் சிமெண்ட் விவரம்தான் என்று சொல்லி, வரவேற்பு மேசையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். மயக்க மருத்துவரே இறங்கி வந்து, நடந்ததை ஆறு வரிகளில் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதன் ஒரு நகலை அம்மாவின் ஆதார் அட்டையோடு வைத்திருக்கிறேன். இன்னொன்று தார்சாவில் நாள்காட்டிக்குப் பின்னால் இருக்கிறது.