பருத்தியா, பட்டா? இரண்டு சீன நெசவுத் தொடர்கள்

நெசவாளிப் பெண் ஒருத்தியை நாயகியாக வைத்த சீன வரலாற்றுத் தொடர் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் இரண்டைச் சொல்வேன். ஒன்று 2010இல் வந்த ‘தியன்யா ஜிநியு’, பருத்திக் கதை. மற்றது 2024இல் வந்த ‘ஷு ஜின் ரென்ஜியா’, பட்டுக் கதை. இரண்டுக்கும் நேரம் இருந்தால் நல்லது. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எது?

கண்ணுக்கு விருந்து வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், 2024தான். டாங் அரசர் காலத்துச் செங்டு நகரம், சாயப்பட்டறை வீட்டில் பிறந்த ஜி யிங்யிங், அந்த வேடத்தில் நடித்தவர் டான் சோங்யுன். சாயமும் நூலும் துணியும் திரையில் மின்னுகின்றன. களமும் பொருத்தமானது. தறியிலேயே பூவேலை நெய்யும் பட்டுக்குப் பெயர்போன ஊர் என்பதால் செங்டுவுக்குப் ‘பட்டு நகரம்’ என்றே பட்டப்பெயர் உண்டு. அங்கே லாவ்குவான்ஷான் என்ற இடத்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஹான் அரசர் காலத்துக் கல்லறையைத் தோண்டியபோது நான்கு தறிகளின் மாதிரிகளும் வேலையாட்களின் மரப்பொம்மைகளும் கிடைத்தன. அவ்வளவு பழைய தொழில் அது.

2010 தொடர் இந்தப் பகட்டோடு போட்டி போட முடியாது. ஒளியமைப்பும் உடைகளும் அந்தக் காலத் தொலைக்காட்சித் தரம்தான். ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான். காரணம் அதன் நாயகி. யிங்யிங் நாவலில் பிறந்தவள். ஜேனின் சாங் நடித்த பெண்ணோ உண்மையிலேயே வாழ்ந்த ஹுவாங் தாவ்போ.

13ஆம் நூற்றாண்டில், இன்றைய ஷாங்காய் நகருக்குள் இருக்கும் வூநிஜிங் என்ற ஊர். மண் வளமில்லாததால் பிழைப்புக்காகப் பருத்தி போட்டார்கள். ஆனால் நல்ல கருவி கிடையாது. கொட்டையைக் கையால்தான் பிரித்தார்கள். மேசை மேல் சின்ன மூங்கில் வில்லை வைத்துப் பஞ்சு அடித்தார்கள். தெற்கே ஹைனான் தீவின் யாஜோவிலிருந்து 1295ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்து சேர்ந்த தாவ்போ, கொட்டை நீக்குவது, பஞ்சு அடிப்பது, நூற்பது, நெய்வது எல்லாவற்றுக்கும் கருவி செய்யக் கற்றுக்கொடுத்தார். நிறம் சேர்ப்பது, பூ நெய்வது எல்லாம் கூடவே வந்தன. 1366இல் தாவ் சோங்யி என்ற எழுத்தாளர் எழுதிய குறிப்பில் இது இருக்கிறது. தாவ்போ இறந்தபோது ஊரே அழுது, கூடி அடக்கம் செய்து, கோயில் கட்டியது என்றும் அதில் உண்டு.

காலால் மிதித்து ஓட்டும் மூன்று கதிர் ராட்டை அவருடைய கொடை என்று சொல்வார்கள். நெசவு தெரிந்தவர்களுக்கு இதன் அருமை சட்டென்று புரியும். ஒரு தறிக்கு நூல் கொடுத்து மாளாது. ஒருவர் நெய்ய, பலர் உட்கார்ந்து நூற்க வேண்டும். ஒரே ஆள் மூன்று இழை நூற்றால் வேலையின் கணக்கே மாறிவிடுகிறது.

சரி, தொடர் இதையெல்லாம் அப்படியே காட்டுகிறதா? இல்லை. தாவ் சோங்யியின் குறிப்பில் தாவ்போவின் இளமை கிடையாது, காதல் கிடையாது, சொந்தப் பெயர்கூடக் கிடையாது. தொடர் அவருக்குச் சியாவ்அர் என்று பெயர் வைத்து, காதல் கதையையும் கோத்துவிடுகிறது. யுவான் ஹோங் கதாநாயகன். சில இடங்களில் தறியை மறந்து காதலின் பின்னாலேயே போகிறார்கள், எனக்கு அலுப்பாக இருந்தது. இந்தக் குறை 2024 தொடரிலும் உண்டு, அங்கே நாற்பது பாகம்.

பெயரில் மட்டும் பழைய தொடர் அழகாக யோசித்திருக்கிறது. ‘தியன்யா’ என்றால் வானத்தின் விளிம்பு, உலகின் கடைக்கோடி. ஹைனானின் தென்முனையை அப்படித்தான் நினைத்தார்கள். அரசனின் கோபத்துக்கு ஆளானவர்களை நாடுகடத்திய இடம் அது. ‘ஜிநியு’ சீனக் கதைகளில் வரும் வானத்து நெசவுப்பெண்.

அந்தக் கடைக்கோடியில்தான் லி இனத்துப் பெண்கள் இருந்தார்கள். தாவ்போ கற்றது அவர்களிடம் என்பதே வழிவழியாக வரும் செய்தி. அவரைத் தனியொரு மேதையாகக் காட்டினால் அந்தப் பெண்களுக்குச் செய்யும் துரோகம் அது. லி மக்களின் நூற்பு, சாயம், நெசவு, தையல்வேலை நான்கையும் 2009இல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இதைத் தெரிந்துகொண்டு தொடரைப் பார்த்தால் ஹைனான் காட்சிகள் வேறு கனம் பெறும்.

இரண்டு கதைகளுக்கும் உள்ள பெரிய வித்தியாசமும் இங்கேதான். பட்டுக் கதையில் தொழில் நுணுக்கம் குடும்பத்தின் சொத்து. வீட்டுக்கு வீடு போட்டி, யார் துணி உயர்ந்தது என்பதே கேள்வி. அதில் விறுவிறுப்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பருத்திக் கதையில் கற்றவள் ஊருக்கு வந்து எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கிறாள். ஏழை வீட்டுக்குக் குளிர் தாங்கும் போர்வை கிடைக்கிறது. 1980இல் சீன அஞ்சல்துறை பழங்கால அறிவியலாளர்கள் வரிசையில் தாவ்போவுக்கும் அஞ்சல்தலை வெளியிட்டது. பட்டுக்காக அல்ல, இந்தப் பருத்திக்காக.

வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்ப்பதென்றால் 2024 தொடரைப் போடுங்கள், யாரும் எழுந்து போக மாட்டார்கள். தனியாக, நெசவுக்காகவே பார்ப்பதென்றால் 2010 தொடர். காதல் காட்சிகளைத் தள்ளிவிட்டுப் போனாலும் பரவாயில்லை. யாஜோ காட்சிகளை மட்டும் தள்ளிவிடாதீர்கள்.