பழைய மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் பரந்தனில் போக வேண்டிய கராஜ்

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் மாதிரிப் பழைய கார் வைத்திருக்கும் வன்னி ஆட்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். பரந்தன் சந்தியில் திரும்பி முல்லைத்தீவு வீதியால் கொஞ்சத் தூரம் போனால் ஒரு தகரக் கொட்டில் கராஜ் இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை, வாசலில் எப்போதும் ட்ரக்டரும் லாண்ட்மாஸ்டரும்தான் நிற்கும், அதனால் கார்க்காரர் பலர் நிற்காமல் போய்விடுகிறார்கள். எனக்குத் தெரிந்த அளவில் வடக்கில் பழைய எஞ்சினை நம்பி ஒப்படைக்க இதைவிட நல்ல இடம் இல்லை. கை நுழையாத, ஸ்பானர் பிடிக்காத இடத்தில் நட் இறுகிக் கிடந்தால் அந்தக் கராஜில் வேலை செய்யும் அண்ணை சுத்தியலை எடுக்க மாட்டார், அந்த ஒரு நட்டுக்கென்றே ஒரு கருவியைச் செய்துவிட்டுத்தான் காரில் கை வைப்பார்.

என்னுடையது மைனர் 1000, 948 சிசி ஏ சீரிஸ் எஞ்சின். இந்த எஞ்சினின் முதல் தொல்லை அளவு. நட், போல்ற் எல்லாம் அங்குல அளவு, எங்கள் கடைகளில் கிடைப்பதோ ஜப்பான் வாகனங்களுக்கான மில்லிமீற்றர் ஸ்பானர். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீற்றர், 13ஆம் நம்பரைப் போட்டால் பிடிக்கிற மாதிரி இருக்கும், ஆனால் கறள் பிடித்த நட்டில் பலம் கொடுத்ததும் மூலை உருண்டுவிடும். ஏழின் கீழ் பதினாறு அங்குலம் 11.1 மில்லிமீற்றர், அதற்கு 11 நுழையாது, 12 ஆடும். இரண்டாவது தொல்லை இந்த எஞ்சினில் இன்லெற்றும் (பெற்றோலும் காற்றும் உள்ளே போகும் வழி) எக்சோஸ்ற்றும் (புகை வெளியே வரும் வழி) ஒரே பக்கத்தில் ஒன்றோடு ஒன்று நெருங்கி நிற்பது. காபரேற்றருக்கு அடியில் ஒளிந்திருக்கும் மனிஃபோல்ட் (அந்த வழிகளின் குழாய்த் தொகுதி) நட்டுக்கு நேரான ஸ்பானர் போகவே போகாது. இதற்கு முன் வேறொரு ஊரில் ஒரு கராஜில் கொடுத்தபோது அந்த நட்டுக்கு உளி வைத்து அடித்தார்கள், ஸ்டட் (நட் ஏறும் தலையில்லாத போல்ற்) உள்ளே முறிந்துபோனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. புதிதாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்ல இது இப்போது தயாரிக்கும் கார் இல்லை, சலூன் வகையின் தயாரிப்பு 1970இலேயே முடிந்துவிட்டது.

பரந்தன் அண்ணை முதலில் செய்தது பார்ப்பது மட்டும்தான். ரோச் பிடித்து, சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கீழே நீட்டி, நட் எந்தப் பக்கம் திரும்ப இடம் இருக்கிறது என்று கன நேரம் பார்த்தார். பிறகு இரும்புப் பெட்டியில் இருந்து அரை அங்குல ரிங் ஸ்பானர் ஒன்றை எடுத்து, அதன் தலையில் ஈரச் சாக்கைச் சுற்றினார். கழுத்தை மட்டும் காஸ் சுவாலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, வைஸில் பிடித்து மெல்ல வளைத்தார், எஸ் எழுத்து மாதிரி இரண்டு வளைவு. தலைக்குச் சூடு ஏறினால் அதன் தோய்ச்சல் போய்விடும், பிறகு நட்டைப் பிடிக்கும் இடம் விரிந்துவிடும், அதற்குத்தான் சாக்கு. வளைத்ததைத் தண்ணீரில் முக்கவில்லை, மணலில் போட்டு ஆறவிட்டார். "சுடச்சுடத் தண்ணியில விட்டா கண்ணாடி மாதிரி முறியும் தம்பி, அது முறிஞ்சா உங்கட கைதான் போய் இடிபடும்" என்றார். கடைசியாகத் தலையின் வெளிச்சுவரைக் கிரைண்டரில் சுற்றிவரக் கொஞ்சம் மெலிதாக்கினார். நட் முதல்நாள் போட்ட எண்ணெயில் ஊறியிருந்தது, சத்தமில்லாமல் திரும்பியது. முறிந்திருந்த மற்ற ஸ்டட்டுக்கு மேலே ஒரு நட்டை வைத்து நடுவில் வெல்டிங் நிரப்பி, அந்தச் சூட்டோடேயே கழற்றினார். திரும்பப் பூட்டும்போது பித்தளை நட் போட்டார், பித்தளை இரும்போடு கறள் கட்டி ஒட்டாது, அடுத்த முறை யார் கழற்றினாலும் வரும்.

ஒயில் ஃபில்ரர் கிண்ணத்துக்கு மேலே தவாளிப்பில் இருக்கும் ரப்பர் வளையமும் சின்ன விஷயம் இல்லை. பழையது காய்ந்து கறுத்து இரும்போடு இரும்பாக ஒட்டியிருப்பதால் அது அங்கே இருப்பதே தெரியாமல் அதற்கு மேல் புதியதைப் பூட்டி, ஒயில் ஒழுகுகிறது என்று ஃபில்ரரைக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் சைக்கிள் கம்பி ஒன்றின் நுனியைக் கூராக்கி, கொக்கியாக மடக்கி, மறு நுனிக்கு மரப்பிடி போட்டு வைத்திருக்கிறார். அதைத் தவாளிப்பில் விட்டு இழுத்தால் பழைய வளையம் துண்டு துண்டாக வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது கிளச்சை நேர்ப்படுத்தும் தடி. கிளச் பிளேற்றை மாற்றும்போது அது சரியான நடுவில் நிற்காவிட்டால் கியர்ப்பெட்டியின் முன் ஷாஃப்ட் உள்ளே போகாது, இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். சிலர் பழைய கியர்ப்பெட்டியின் ஷாஃப்ட்டையே வெட்டி வைத்திருப்பார்கள். இவர் பாலை மரத்தில் கடைந்து வைத்திருக்கிறார். நுனி ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் புஷ்ஷின் (ஷாஃப்ட் நுனியைத் தாங்கும் உலோக வளையம்) அளவுக்கு மெலிவு, அதற்குப் பின்னால் பிளேற்றின் பல்லுக்குள் இறுக்கமாக இருக்கும் அளவுக்குத் தடிப்பு. வன்னிப் பாலையின் வைரம் எங்களுக்குத் தெரிந்ததுதான், வருடக்கணக்காகப் பாவித்தும் விளிம்பு தேயவில்லை. அந்தப் புஷ்ஷைக் கழற்றவும் இழுத்தெடுக்கும் கருவி எதுவும் அவரிடம் இல்லை, தேவையும் இல்லை. துளைக்குள் கிரீஸை நிறைய அடைத்து, துளைக்குச் சரியாகப் பொருந்தும் கம்பியை வைத்துத் தட்டினால் கிரீஸ் பின்னால் போய் அழுத்தி புஷ்ஷைத் தானே வெளியே தள்ளுகிறது. புதுப் புஷ்ஷை ஒரு நாள் எஞ்சின் ஒயிலில் ஊறவிட்டுத்தான் பூட்டுவார்.

அப்புறம் ஒரு பழைய ஸ்பார்க் பிளக். பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, வெறும் இரும்புக் கூட்டில் ரயர் வால்வு ஒன்றைப் பித்தளை வைத்து ஒட்டியிருக்கிறார். சிலிண்டரின் பிஸ்ரனை உச்சிக்குக் கொண்டுவந்து, வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும் நிலையில் அதைப் பிளக் துளையில் பூட்டி, கொம்பிரசர் காற்றைக் கொடுத்துவிட்டுக் காது வைத்துக் கேட்பார். காபரேற்றரில் சீறினால் இன்லெற் வால்வு, சைலன்சர் வாயில் சீறினால் எக்சோஸ்ற் வால்வு, ஒயில் ஊற்றும் வாயால் வந்தால் பிஸ்ரன் ரிங். ரேடியேற்றரில் குமிழி வந்தாலும், பக்கத்துச் சிலிண்டரின் பிளக் துளையால் வந்தாலும் ஹெட் காஸ்கெற் (ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு). ஹெட்டைக் கழற்றாமலே நோய் எங்கே என்று தெரிந்துவிடுகிறது. என் காரில் பக்கத்துத் துளையால்தான் வந்தது, 2ஆம் 3ஆம் சிலிண்டர்களுக்கு நடுவில். அந்த இரண்டுக்கும் ஒரே எக்சோஸ்ற் வழி என்பதால் அந்த இடத்தில்தான் சூடு அதிகம். ஒன்று சொல்ல வேண்டும், பிஸ்ரன் சரியான உச்சியில் இல்லாவிட்டால் காற்று அதைக் கீழே தள்ளி எஞ்சினைச் சுற்றிவிடும், ஆகவே ஸ்ரார்ட் பண்ணும் கைபிடியை முன்னால் கொழுவி வைத்துவிட்டு இதைச் செய்யவே கூடாது.

ரைமிங் கவரின் ஒயில் சீலை நடுவில் நிறுத்த ஒரு அலுமினிய வளையம் வைத்திருக்கிறார், பழைய ட்ரக்டர் பிஸ்ரனில் இருந்து கடைந்தது. அதுவும் நல்ல வேலை.

இந்த மூளை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவர் 1990களைத்தான் சொல்வார். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. காபரேற்றருக்குக் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய வாகனங்களைத் திருத்தித்தான் அவர் தொழில் பழகியிருக்கிறார். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், பெயரிங் தேயும், கரி கட்டும், இவை எல்லாவற்றையும் கையில் இருந்த இரும்பை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். 2002இல் ஏ9 வீதி திறந்து சாமான் வரத் தொடங்கிய பிறகும் அவர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று பழைய கார்களின் விலை ஏறியபோது அவரைத் தேடி வந்தவர்களும் கூடினார்கள்.

குறையும் இருக்கிறது. செய்யும் கருவிகளில் அவர் அளவு பொறிப்பதில்லை, எல்லாம் அவர் மனதில்தான், உதவிக்கு நிற்கும் பெடியன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறான். இரண்டாவது எனக்கு முக்கியமானது: சிலிண்டர் ஹெட்டின் நட்டுகளைக் கைக்கணக்கில் இறுக்கப் பார்த்தார். அவரின் கை நல்ல கைதான், ஆனாலும் இந்த எஞ்சினுக்கு 40 இறாத்தல் அடி, அதுவும் நடுவில் தொடங்கி வெளியே போகும் ஒழுங்கில், சமமாக இறுகாவிட்டால் காஸ்கெற் திரும்பவும் போகும். நான் என் ரோர்க் றெஞ்சை (இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) கொடுத்தேன், மறுப்பில்லாமல் வாங்கிப் பாவித்தார். அவர் வளைத்த ஸ்பானரைப் போன்ற ஒன்றை ரோர்க் றெஞ்சோடு சேர்ப்பதானால் நேர்கோட்டில் பிடிக்காமல் செங்கோணத்தில் பிடியுங்கள், நேராகப் பிடித்தால் நீளம் கூடி, முள் காட்டுவதைவிட அதிகமாக இறுகும். சஸ்பென்சன் ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியையும் காரைத் தாங்கும் ஸ்ராண்டையும் மட்டும் எந்தக் கராஜிலும் வீட்டு வேலையாகச் செய்விக்காதீர்கள், அவை விட்டுப்போனால் உயிர் போகும். இவரிடமும் அவை கடையில் வாங்கியவைதான், அது எனக்குத் திருப்தி.

காசு நியாயம். ஸ்பானரை வளைத்ததற்கு 1500 ரூபா எடுத்தார், ஸ்பானரை என்னிடமே தந்துவிட்டார். வேலை முடிந்ததும் காரை முறிகண்டி வரை ஓட்டிப் பார்க்கச் சொல்வார், ஒரேயடியாக அவ்வளவு தூரம் ஓடி எஞ்சின் நன்றாகச் சூடானால் ஒழுக்கு இருந்தால் தெரிந்துவிடும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் ஆறவிட்டு வால்வு இடைவெளியை ஒருமுறை பார்த்துத் தருவார், 12 தௌ என்று சொல்லுங்கள், அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு, 0.3 மில்லிமீற்றர், எஞ்சின் ஆறிய நிலையில்.

காலபோக விதைப்புக்கு வயல் உழும் மாதங்களில் போகாதீர்கள், ட்ரக்டருக்குத்தான் முதலிடம், கார் வாரக்கணக்கில் நிற்கும். அறுவடை முடிந்து போங்கள். வீட்டில் கிடக்கும் அங்குல ஸ்பானர்களை, தேய்ந்ததோ உடைந்ததோ, அள்ளிக்கொண்டு போங்கள், அவருக்கு அந்த இரும்பு கிடைப்பதுதான் கஷ்டம். நட் இறுகிக் கிடக்கிறதென்றால் முதல்நாள் இரவே எண்ணெய் போட்டுவிட்டுப் போங்கள்.