இலவம்பஞ்சா, ஃபைபரா, லேட்டக்ஸா: தலையணைக்குள் எதை வைப்பது?

கடையில் தலையணையை எடுத்ததும் எல்லோரும் செய்வது அதை அமுக்கிப் பார்ப்பதுதான். புதுத் தலையணை எதை அமுக்கினாலும் மெத்தென்றுதான் இருக்கும். பாதி ஏமாற்றம் அங்கேயே தொடங்குகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒவ்வோர் இரவும் தலையிலிருந்து வியர்வையும் எண்ணெயும் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்து அந்த ஈரத்தை எப்படி வெளியே எடுக்கப் போகிறீர்கள் என்பதுதான் வாங்கும்போதே யோசிக்க வேண்டியது. உள்ளே அடைக்கும் எந்த நிரப்பிக்குத் தண்ணீர் ஆகும், எதற்கு வெயில் ஆகும் என்று பார்த்தால், இயற்கையா செயற்கையா என்ற வாக்குவாதம் பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும்.

இலவம்பஞ்சிலிருந்து தொடங்கலாம். தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர், கடமலைக்குண்டு, வருசநாடு பக்கம் இலவ மரங்கள் நிறைய. போடியில் பஞ்சு பிரித்துத் தலையணை, மெத்தை செய்வது பெரிய தொழில். இந்தப் பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே வெற்றிடம் உள்ள மெல்லிய குழாய். அதன் கன அளவில் பெரும்பகுதி காற்றுதான். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு மேலங்கிகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள் என்றால் காரணம் இதுதான்.

தலையணைக்கு இதனால் என்ன லாபம்? வியர்வை பஞ்சில் ஊறித் தங்குவது குறைவு. ஒருமுறை வெயிலில் போட்டால் சீக்கிரம் உலர்ந்து, மறுபடி உப்பிவிடும். இலவம்பஞ்சு உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்று விற்பவர்கள் சொல்வது மிகை. தலைக்கடியில் சூட்டைத் தேக்கிப் புழுங்க வைக்காது என்பதுவரை சொல்லலாம், அதுவே பெரிய நன்மை.

குறையையும் மறைக்கக் கூடாது. இந்த இழையில் சுருள் கிடையாது, எளிதில் முறியும். தினமும் தலை அழுத்தும் இடத்தில் இழைகள் மெல்ல மெல்லத் தூளாகி, நடுவில் பள்ளம் விழும். துவைக்கவே முடியாது. மெழுகையும் மீறித் தண்ணீர் உள்ளே போய்விட்டால் பஞ்சு கட்டி தட்டிவிடும். வெளியே காய்ந்தது போலத் தோன்றும்போதும் நடுவில் ஈரம் நின்று முடைநாற்றம் வரும். குழந்தை நனைத்துவிட்டாலோ தண்ணீர்ச் சொம்பு கவிழ்ந்தாலோ ஒரே வழிதான்: ஓரத் தையலைப் பிரித்து, பஞ்சை வெளியே எடுத்து, பழைய வேட்டியில் மெல்லப் பரப்பி, மேலே இன்னொரு துணி மூடி வெயிலில் காயவைத்து, கையால் உதிர்த்து மறுபடி அடைக்க வேண்டும். மூடாமல் விட்டால் பாதிப் பஞ்சு பக்கத்து மாடிக்குப் போய்விடும்.

வாங்கும்போது அளவைவிட எடையைக் கேளுங்கள். 16க்கு 24 அங்குலத் தலையணைக்கு ஒரு கிலோ பஞ்சு என்றால் மென்மையாக இருக்கும், ஒன்றேகால் கிலோ நடுத்தரம், ஒன்றரைக் கிலோ கெட்டி. முதல் இரண்டு மாதத்தில் எப்படியும் கொஞ்சம் அமுங்கும் என்பதால், கையில் எடுக்கும்போது சற்று உயரமாகத் தெரிவதையே எடுக்கலாம். உள்ளுறை நெருக்கமாக நெய்த மெத்தைத் துணியாக இருக்க வேண்டும். மெல்லிய துணியில் அடைத்தால் நுண்ணிய பஞ்சு கசிந்து மூக்கில் ஏறும். இலவம்பஞ்சு எனக்குத் தும்மல் தருகிறது என்று சொல்பவர்களில் பலருக்குக் குற்றவாளி அந்தத் துணிதான். மூலைகளை அழுத்திப் பாருங்கள். அடைக்கும்போது முதலில் நான்கு மூலையிலும் பஞ்சைத் திணித்துவிட்டுத்தான் நடுவுக்கு வர வேண்டும். அவசரமாக அடைத்தவற்றில் மூலை காலியாகத் தொங்கும், பஞ்சு பின்னர் அங்கே நகர்ந்து நடு இளைத்துவிடும்.

கலப்படம்தான் இந்தச் சரக்கின் பெரிய தலைவலி. கழிவுப் பருத்தி, பழைய மெத்தையிலிருந்து எடுத்து மறுபடி அடித்த பஞ்சு, பாலியெஸ்டர் கழிவு மூன்றும் கலக்கப்படுகின்றன. ஒரு சிட்டிகை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்: நல்ல இலவம்பஞ்சு பட்டு போல மினுங்கும், நிறம் லேசான பழுப்பு கலந்த வெண்மை. பளீர் வெள்ளையாக இருந்தால் சந்தேகப்படலாம். விளக்குத் திரி போலத் திரித்துப் பாருங்கள். பருத்தி பிடித்துக்கொண்டு திரியாகும், இலவு வழுக்கி அவிழும். அதே சிட்டிகையைத் தண்ணீர்த் தொட்டியருகே கொளுத்திப் பார்த்தால் இன்னும் தெளிவு. இலவும் பருத்தியும் காகிதம் எரிந்த வாசனையோடு தூள் சாம்பலாகும். பாலியெஸ்டர் இருந்தால் உருகிச் சுருண்டு, ஆறியபின் விரலில் நெருடும் கருப்பு மணியாக நிற்கும். தண்ணீரில் மிதக்கவிடும் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். வெளுக்காத பருத்தியும் மிதக்கும், சிலிக்கன் பூசிய ஃபைபரும் மிதக்கும்.

தலையணையைக் கசக்கும்போது உள்ளே மிளகு போல ஏதாவது நெருடினால் அது விதை. விதை சரியாகப் பிரிக்கப்படாத பஞ்சு மலிவாகக் கிடைக்கும், எலியையும் பூச்சியையும் அழைக்கும். வேண்டாம்.

பராமரிப்பு எளிது, ஆனால் தவறக் கூடாது. மாதம் இருமுறை, உறையைக் கழற்றி, காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை வெயில். நடுவில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். எடுத்ததும் சூடு ஆறும்வரை திறந்து வைத்து, பிறகு உறை போடுங்கள். கம்பால் அடித்துத் தூசி தட்டுகிற பழக்கம் பருத்திக்குச் சரி. இலவுக்கு அது இழையை முறித்துத் தூளாக்கும், கையால் தட்டினால் போதும். வெளியுறைக்கு உள்ளே ஜிப் வைத்த பருத்தி உறை ஒன்று கூடுதலாகப் போட்டால் எண்ணெய்க் கறை பஞ்சுவரை போகாது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து, தூளை உதறி, கால் கிலோ புதுப் பஞ்சு சேர்த்தால் அதே தலையணை மறுபடி நிமிரும். இந்த வசதி வேறு எந்த நிரப்பியிலும் இவ்வளவு மலிவாகக் கிடையாது.

பருத்திப் பஞ்சு பற்றிச் சொல்ல அதிகமில்லை. கனமானது, அதே அளவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ பிடிக்கும். ஈரத்தை நன்றாக உறிஞ்சும், அதுவே அதன் குறையும்: உறிஞ்சியதை வைத்துக்கொள்ளும். சில மாதத்தில் பலகை போல இறுகும், பஞ்சு அடிப்பவரிடம் கொடுத்துப் பிரித்து அடித்தால்தான் மறுபடி இளகும். தாழ்வான, கெட்டியான தலையணைதான் பழக்கம் என்பவர்களுக்கு இது பொருந்தும்.

இனி ஃபைபர். கடைக்காரர்கள் பொதுவாக ரெக்ரான் என்பார்கள். அது ரிலையன்ஸ் நிறுவனத்தின் வணிகப் பெயர், பொருள் பாலியெஸ்டர். நல்ல வகையின் பட்டியில் ஹாலோ கான்ஜுகேட் சிலிக்கனைஸ்டு என்று இருக்கும்: இழைக்குள் துளை, சுருள் சுருளான வடிவம், ஒன்றோடொன்று சிக்காதபடி சிலிக்கன் பூச்சு. இந்தச் சுருள்தான் ஸ்பிரிங் போல வேலை செய்கிறது. அருகில் 7 டெனியர், 15 டெனியர் என்று எண் இருக்கலாம். 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் என்பதே டெனியர். எண் கூடினால் இழை தடிமன், தலையணை விறைப்பு. மைக்ரோஃபைபர் என்பது ஒரு டெனியர் அளவிலோ அதற்குக் கீழோ வரும் நுண்ணிழை. கையில் இறகு போலக் குழையும், தலை வைத்தால் சரசரவென்று அமுங்கும். பக்கவாட்டில் படுப்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. 17க்கு 27 அங்குல அளவுக்கு 800 முதல் 900 கிராம் ஃபைபர் இருக்க வேண்டும். 500 கிராம் அடைத்துக் காற்றில் உப்பவைத்த தலையணைகள் இரண்டுக்கு ஒன்று இலவசம் என்று வரும்; மூன்று மாதத்தில் அவை துண்டு போலாகிவிடும்.

பாலியெஸ்டர் ஈரத்தை உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கும் குறைவு, பருத்தியோ ஏழெட்டு சதவீதம். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் உறிஞ்சாத வியர்வை எங்கே போகும்? உறையிலும் தோலிலும் தங்கும். மின்விசிறி மட்டும் உள்ள அறையில், மே மாதத்தில், பிடரி நசநசக்கக் காரணம் அதுதான். பருத்தி உறை போட்டால் பாதி குறையும். பாலியெஸ்டர் உறையும் சேர்ந்தால் தாங்காது.

ஆனால் ஃபைபரை வெல்ல முடியாத இடம் ஒன்று உண்டு: தண்ணீர். துவைக்கலாம். வாஷிங் மெஷினில் இரண்டு தலையணைகளைச் சேர்த்துப் போடுங்கள், ஒன்றைப் போட்டால் பாரம் ஒருபக்கம் சாய்ந்து மெஷின் குதிக்கும். திரவச் சோப்பு கொஞ்சமே, 40 டிகிரி, மென்மையான சுற்று, அலசல் இருமுறை. தூள் சோப்பு உள்ளே தங்கி இழையை ஒட்டவைக்கும். பிழிந்ததும் கொடியில் தொங்கவிட்டால் ஃபைபர் எல்லாம் கீழ்முனையில் சேரும். கட்டிலிலோ கம்பி வலையிலோ படுக்கவைத்து, மணிக்கு ஒருமுறை தட்டித் திருப்புங்கள். நடுவில் கைவைத்துக் குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் காயவில்லை. இன்னும் உயிர் இருக்கிறதா என்று அறிய இரண்டாக மடித்து விடுங்கள். தானே விரிந்தால் சரி. மடித்தபடியே கிடந்தால் சுருள் செத்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். நல்ல சரக்கே இரண்டு ஆண்டு உழைத்தால் அதிகம்.

செயற்கை என்றால் ஒவ்வாமை வராது என்ற விளம்பரத்தை அப்படியே ஏற்க வேண்டாம். ஒவ்வாமையைக் கிளப்பும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிக்குத் தேவை நம் தோல் செதிலும் ஈரப்பதமும். அது எந்த நிரப்பியிலும் சேரும். ஆஸ்துமா உள்ள வீட்டில் ஃபைபரின் மேன்மை அதைத் துவைக்க முடிவதில்தான் இருக்கிறது. உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது நிரப்பியை மாற்றுவதைவிட அதிகப் பலன் தரும்.

லேட்டக்ஸ் ரப்பர் பாலிலிருந்து வருவது, ஆக இயற்கைப் பக்கம். ஆனால் எல்லாம் அப்படி இல்லை, செயற்கை ரப்பர் கலந்தவையும் லேட்டக்ஸ் என்றே விற்கப்படுகின்றன. நூறு சதவீதம் இயற்கை என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். அமுக்கிய கையை எடுத்ததும் உடனே எழும், கழுத்தை ஒரே உயரத்தில் தாங்கும், ஊசித் துளைகள் வழியே காற்றும் போகும். கழுத்து வலிக்காரர்களுக்கு இந்தப் பட்டியலில் முதல் இடம் இதற்குத்தான். ஆனால் வெயில் இதற்கு எமன். மாடியில் இலவம்பஞ்சோடு சேர்த்துக் காயப்போட்டால் மஞ்சளித்து, மேல் தோல் வெடித்து, பொடியாக உதிரும். நிழலில், மின்விசிறிக் காற்றில் மட்டும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

மெமரி ஃபோம் சூட்டில் இளகிக் குளிரில் இறுகும் பொருள். ஏசி அறையில் முதலில் கட்டையாக இருக்கும், ஏசி இல்லாத அறையில் தலை புதைந்து சூடு ஏறும். தண்ணீரும் ஆகாது, வெயிலும் ஆகாது. வியர்வை போனால் போனதுதான். கடலோர ஊர்களில் மின்விசிறி மட்டும் உள்ள அறைக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது. வெட்டுத்துண்டு ஃபோம் அடைத்த மலிவுத் தலையணைகளை எந்த வீட்டுக்குமே சொல்வதற்கில்லை.

எந்த நிரப்பியானாலும் உயரம் தவறினால் பயனில்லை. தலை வைத்து அமுங்கியபின், பக்கவாட்டில் படுப்பவர்க்கு நான்கு முதல் ஐந்து அங்குலம், மல்லாந்து படுப்பவர்க்கு மூன்று முதல் நான்கு, குப்புறப் படுப்பவர்க்கு மூன்றுக்கும் கீழ். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு இலவம்பஞ்சோ கடுகு அடைத்ததோ எதுவும் வேண்டாம், தலையணையே வேண்டாம்.

மொட்டைமாடியில் வெயில் கிடைக்கிற வீட்டில் இலவம்பஞ்சு. ஹாஸ்டலிலோ வெயில் எட்டாத அடுக்குமாடியிலோ இருப்பவர்க்கும், அடிக்கடி நனைக்கும் பிள்ளைகளுக்கும் ஃபைபர். கழுத்துக்காகச் செலவு செய்யத் தயார் என்றால் லேட்டக்ஸ். இலவம்பஞ்சை எடுப்பவர்கள் கொசுவர்த்திச் சுருளைக் கட்டிலுக்கடியில் வைக்கும் வழக்கத்தை அன்றே நிறுத்திவிட வேண்டும். காற்று நிறைந்த மெழுகு இழை அது. ஒரு பொறி விழுந்தால் கண்மூடித் திறப்பதற்குள் பிடித்துக்கொள்ளும்.