பிளாஸ்மா கட்டிங் மெஷின்: காசு கரைவது டார்ச் முனையில்தான்

சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் எங்கள் ஃபேப்ரிகேஷன் பட்டறை. பாதி வேலை ஜவ்வரிசி ஆலைகளுக்கு. தொட்டி, டிரே எல்லாமே ஸ்டெயின்லெஸ். கேஸ் கட்டிங் அதில் எடுபடாது. குரோமியம் ஆக்சைடு லேசில் உருகாமல் மேலே படிந்து வெட்டைத் தடுத்துவிடும். அதற்காகத்தான் 60 ஆம்ப்ஸ் பிளாஸ்மா இன்வெர்ட்டர் வாங்கினோம், கம்ப்ரஸர் காற்றை மின்சார ஆர்க்கில் கடும் சூடாக்கி, அதை வைத்து உலோகத்தை உருக்கி வெட்டுவது. சில வருஷமாக ஓடுகிறது. மெஷின் மீது குறை இல்லை. செலவெல்லாம் டார்ச் முனையில் மாட்டும் இரண்டு சின்ன உருப்படிதான்: ஆர்க் பற்றும் எலக்ட்ரோடு, அது வெளியே பாயும் ஓட்டை உள்ள டிப்.

எலக்ட்ரோடு செம்பு. நுனியில் சின்னதாக ஒரு ஹாஃப்னியம் பொட்டு இருக்கும். ஆர்க் பற்றும்போதும் அணையும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நடுவில் குழி விழும். குழி ஒன்றரை மில்லிமீட்டரைத் தொட்டால் தயங்காமல் மாற்றிவிடுங்கள். இன்னும் ஒரு பிளேட் ஓடட்டும் என்று விட்டால் ஆர்க் செம்பில் ஏறிவிடும், வெளிச்சம் பச்சையாகத் தெரியும், டிப்பும் சேர்ந்து போகும். டிப் ஓட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுத்திருந்தால் வெட்டு சாய்ந்து வரும், அடியில் கசடு கெட்டியாக ஒட்டும், மீதி நாள் கிரைண்டரோடு கழியும். கேஸ் கட்டர் டிப்புக்குப் போடும் ஊசியை இதில் விட்டுக் குடையும் பழக்கம் நம் பையன்களுக்கு உண்டு. அதற்குப் பேசாமல் புது டிப்பே போட்டுவிடலாம்.

இதையெல்லாம்விடப் பெரிய எதிரி காற்றில் வரும் தண்ணீர். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஷெட் வேலைக்கு மெஷினை மேலே கொண்டுபோனபோது நன்றாகத் தெரிந்தது. மூடுபனியில் கம்ப்ரஸர் இழுப்பதே ஈரக் காற்று. கம்ப்ரஸர் டாங்கியில் தண்ணீர் வடிக்கும் வால்வைத் திறந்தால் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். கீழே பல நாள் தாங்கும் எலக்ட்ரோடு அங்கே மளமளவென்று தீர்ந்தது. ஆர்க் படபடவென்று பொரிந்து திக்கியது. சோதிப்பது சுலபம்: மெஷினை ஏர் டெஸ்டில் வைத்து, ஆர்க் இல்லாமல் காற்றை மட்டும் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் ஊதவிடுங்கள். துளி தெரிந்தால் தண்ணீர், பிசுக்கு தெரிந்தால் கம்ப்ரஸர் எண்ணெய். டாங்கியைத் தினமும் வடித்துவிட்டு, டார்ச்சுக்குப் போகும் லைனில் ஏர் டிரையர் மாட்டிய பிறகுதான் நிம்மதி. விற்கும்போது கடைக்காரர் இதை வாய் திறந்து சொல்லவில்லை என்பது என் வயிற்றெரிச்சல்.

வெட்டும் தகட்டில் எர்த் கிளாம்ப் கடிக்கும் இடத்தில் பெயிண்ட், துரு இருந்தால் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். ஆர்க் துள்ளுவதில் பாதி அங்கேயே அடங்கும். டார்ச்சில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்துக்கு மெல்லிசாக சிலிக்கான் கிரீஸ் போதும், அப்பிவிட வேண்டாம். வெட்டி முடித்ததும் சுவிட்சை அணைக்கக் கை பரபரக்கும். டார்ச்சில் காற்று தானாக நிற்கும்வரை பொறுங்கள், முனையைக் குளிரவைப்பதே அதுதான்.

கிரைண்டிங் தூசி மெஷினுக்குள் இரும்புப் பொடியாகப் படியும், அது சர்க்யூட் போர்டில் ஷார்ட் அடிக்கும். மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றி உலர்ந்த காற்றை மெதுவாக ஊதுகிறோம். பிளக்கைப் பிடுங்கியதும் உடனே கை வைக்காதீர்கள். கெப்பாசிட்டரில் கரண்ட் தேங்கியிருக்கும். மெஷினோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் நேரம்வரை விட்டுவிட்டுத்தான் நாங்கள் ஸ்க்ரூடிரைவரை எடுப்பது.